சன்னல் வைத்த நிழல்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு உப்பளத்துக்குப் போனவள் நான், எதை முதலில் சொல்ல வேண்டும், எதைக் கடைசியில் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பிடிபடுவதில்லை. தாலுகா ஆபீசில் ஒரு தடவை இதைச் சொன்னபோது நிழலில் இருந்து ஆரம்பித்துவிட்டேன், அங்கே இருந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, "வீட்ல வேற யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதனால் இந்தத் தடவை வெயிலில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்கள் காலனியில் மரம் கிடையாது. வைத்துப் பார்க்காமல் இல்லை, வேம்பு வைத்தோம், புங்கை வைத்தோம், பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஏதோ கன்றையும் வைத்தோம், எல்லாம் வேர் கொஞ்சம் இறங்கியதும் உப்பு பட்டுக் கருகிப்போயின. மூன்று பக்கமும் பாத்தி, பாத்தி நிறைய உப்பு, உப்பின் மேல் வெயில், அந்த வெயில் வானத்தில் இருந்து இறங்கி வருவது போதாதென்று தரையில் இருந்தும் எழும்பி வந்து தாடைக்கு அடியில் சுடும். அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்துத்தான் எங்கள் ஆட்களுக்குக் கண் போகும். எனக்கும் போக ஆரம்பித்திருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "நிழல்ல இருக்கிற வேலையாப் பாத்துக்கோங்க" என்றார். நிழலில் இருக்கிற வேலை எங்கள் ஊரில் எங்கே இருக்கிறது என்று அவரிடம் நான் கேட்கவில்லை.

கல்யாணம் என்றால் டவுனில் மண்டபம் பிடிக்க வேண்டும். சாவு என்றால் தெருதான், வீட்டுக்குள் பிணத்தையும் அழுகிறவர்களையும் ஒன்றாக வைக்க இடம் இருக்காது. சொர்ணத்தாய் அத்தை சித்திரை மாதத்தில் இறந்தபோது, நடுமத்தியானத்தில் அவள் முகத்தில் வெயில் விழக்கூடாதென்று நாங்கள் ஒரு சேலையை விரித்து நாலு மூலையிலும் பிடித்துக்கொண்டு நின்றோம், கை கடுத்தவள் விலகியதும் இன்னொருத்தி வந்து பிடித்தாள். எனக்கு எதிர் மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் ஜெபக்கனி. அவள்தான் சேலைக்கு மேலாக என்னைப் பார்த்து, "ஏட்டி வடிவு, நமக்கு ஒரு சமுதாயக் கூடம் வேணும்ட்டி" என்றாள்.

ஜெபக்கனி எங்கள் மகளிர் குழுவுக்குத் தலைவி. பன்னிரண்டு படித்தவள். ஆனால் அவளும் நானும் ஒரே அளத்தில் பாத்தி மிதித்தவர்கள். உப்பு விளைவதற்கு முன்னால் பாத்தித் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும், இல்லையென்றால் உப்போடு சேறு வரும். பெண்கள் வரிசையாக நின்று ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு மிதிப்போம். வழுக்கினால் தோள்தான் காப்பாற்றும். என் வலது கை அவள் தோளில் இருந்த வருசங்கள் என் மகள் என் இடுப்பில் இருந்த வருசங்களைவிட அதிகம்.

பிறகு நாங்கள் பணம் தேடிப் போனோம், எத்தனை இடங்கள் ஏறி இறங்கினோம் என்பதை இப்போது நினைத்தால் எனக்கு முட்டி வலிக்கிறது. எம்.எல்.ஏ. ஆபீசில், கூரைக்கு நிதி ஒதுக்கலாம், ஆனால் சுவர் இருந்தால்தான் கூரை என்றார்கள். ஒரு கம்பெனியில், சுவர் கட்டித் தருகிறோம், சுவர் முழுக்க எங்கள் பேரை எழுதிக்கொள்வோம், ஆனால் தளம் போட்டிருக்க வேண்டும் என்றார்கள். வெளிநாட்டுப் பணம் வாங்கி நல்லது செய்கிற ஒரு சங்கத்தில், தளத்துக்குத் தருகிறோம், ஆனால் சுவரையும் கூரையையும் யார் தருகிறார்கள் என்று எழுதி வாங்கி வாருங்கள் என்றார்கள். நாங்கள் ஒரு இடத்தில் இருந்து இன்னொரு இடத்துக்கும் அங்கிருந்து மறுபடி முதல் இடத்துக்கும் பஸ் ஏறிக்கொண்டே இருந்தோம். எல்லாரும் டீ வாங்கிக் கொடுத்தார்கள். எல்லாரும் கடைசியில் ஒன்றையே கேட்டார்கள்: இடம் யார் பேரில் இருக்கிறது?

இடம் என் பேரில் இருந்தது. என் வீட்டுக்கு மேற்கே, எனக்குக் கிடைத்த பட்டாவில் வெறும் தரையாகக் கிடந்தது. மகளுக்கு என்று வைத்திருந்தேன்.

"குடுத்துரு வடிவு. கூடம் வந்துட்டா சாவி ஓங்கையிலதான். பெருக்கி, தண்ணி தெளிச்சு, ராத்திரி பூட்டுற வேலை. சம்பளம் உண்டு. நிழலுட்டி, வருசம் பூரா நிழலு. ஒங்கண்ணு பொழைச்சுக்கிடும்" என்றாள் ஜெபக்கனி.

என் வீட்டுக்காரர் சுயம்பு லாரியில் உப்பு ஏற்றும்போது இடுப்பு விழுந்து படுத்தவர், படுத்த இடத்தில் இருந்தே ஊரில் நடப்பதெல்லாம் பேசுவார். "எழுதிக் குடுக்காதளா. நாளைக்கு என்னைத் தூக்கி வைக்க எடம் இருக்காது" என்றார்.

"ஒம்ம தூக்கி வைக்கத்தான் கூடம் கட்டுதோம். மொதப் பந்தி ஒமக்குத்தான் அண்ணாச்சி" என்றாள் ஜெபக்கனி, அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பத்திர ஆபீசுக்குப் போகும்போது பஸ்ஸில் அவள் எனக்குச் சன்னல் ஓரம் கொடுத்தாள்.

அடிக்கல் நாட்டு விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். பெரியவர்கள் வந்தார்கள், மைக்கில் பேசினார்கள், பேர் வெட்டிய கல்லைக் குழியில் இறக்கி, அதன் மேல் வெள்ளிக் கரண்டியால் சிமெண்டைத் தொட்டுவைத்துவிட்டு, கார் ஏறிப் போய்விட்டார்கள். சாயங்காலம் பந்தல்காரர் தகரத்தைக் கழற்றி, கம்பைப் பிடுங்கி, எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் பார்த்தால் நிழல் அங்கேயே கிடந்தது.

மறந்துவிட்டுப் போய்விட்டார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினோம். பந்தல்காரர் மொபெட்டில் வந்து, கீழே இறங்காமல் அதைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம நிழல் இல்ல, இதுல சன்னல் இருக்கு பாருங்க" என்றார்.

சன்னல் இருந்தது. தூணும் இருந்தது. மத்தியானத்தில் பார்த்தால் நீளமான ஒரு கட்டடத்தின் நிழல், அதன் இரண்டு பக்கமும் சதுரம் சதுரமாக வெளிச்சம், தெற்கே வாசல் அளவுக்கு ஒரு வெளிச்சம். மேலே ஒன்றும் இல்லை, வெறும் வானம்தான். ஆனால் உள்ளே போய் உட்கார்ந்தால் குளிர்ச்சி. அன்றைக்கு நான் அங்கே உட்கார்ந்தபோது என் கண்ணுக்குள் எரிந்துகொண்டிருந்த ஏதோ ஒன்றை யாரோ ஊதி அணைத்த மாதிரி இருந்தது.

ஊர் அதைப் பழகிக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. காலையில் நிழல் மேற்கே சாய்ந்து கிடக்கும், பாயைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே போவோம், மத்தியானம் நேராகி நிற்கும், சாயங்காலம் கிழக்கே நீண்டு என் வீட்டு மேல் ஏறி ஓட்டைக் குளிரப்பண்ணும், அப்போது சுயம்பு படுத்தபடியே, "கூடம் வீட்டுக்கு வந்திருக்கு, டீ போடுளா" என்பார். மேகம் போட்டால் கூடம் இல்லை. அதனால் கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறிக்கிறவர்கள் காலை நேரத்தை விட்டுவிட்டு உச்சி வெயிலைப் பார்த்துக் குறித்தார்கள், மழை மாதத்தில் யாரும் சாகாமல் இருந்தால் நல்லது என்று வெளிப்படையாகவே பேசிக்கொண்டார்கள். எல்லாரும் வாசல் வழியாகத்தான் போனோம், வாசல் வழியாகத்தான் வந்தோம். செருப்பை வெளியில் விட்டோம். வெற்றிலை போடுகிறவர்கள் சன்னல் பக்கம் உட்கார்ந்து சன்னலுக்கு வெளியே துப்பினார்கள். சங்கிலிப்பாண்டி ஒரு நாள் குடித்துவிட்டுச் சுவர் வழியாக நடந்து உள்ளே வந்துவிட்டான், பெண்கள் எல்லாரும் எழுந்து, "எடுவட்ட பயலே, சொவத்த இடிச்சுப்புட்டியே" என்று விரட்டினார்கள், அவனும் வாசலைத் தேடிப்பிடித்துத்தான் வெளியே போனான்.

ஒருநாள் கல்யாணப் பந்தி நடக்கையில் தூறல் போட்டது. இலையில் தண்ணீர் விழுந்தது. யாரும் எழவில்லை, "நல்ல சகுனம்" என்று சொல்லிக்கொண்டே சாம்பாரைக் கொஞ்சம் கெட்டியாக ஊற்றச் சொன்னார்கள். கொடுத்ததைக் குறை சொல்ல எங்களுக்குப் பழக்கம் இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததை வேறு எந்த ஊர்க்காரரும் செய்திருக்க மாட்டார்கள். ஜனம் புழங்கிப் புழங்கித் தரை குழியாகிப் புழுதி பறந்தது. ஜெபக்கனி, "மிதிச்சுப் போட்டுருவோம்" என்றாள். எங்களுக்குத் தெரிந்த தரை பாத்தித் தரைதான். களிமண் கொண்டுவந்து போட்டு, தண்ணீர் தெளித்து, மத்தியான நிழலுக்குள் வரிசையாக நின்று, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, பாட்டுப் பாடி மிதித்தோம். நிழலின் நாலு ஓரத்திலும், நாய் வராமல் இருக்க, பாத்திக்குப் போடுகிற மாதிரியே வரப்பும் போட்டோம். காய்ந்த பிறகு முகம் பார்க்கலாம் போல இருந்தது. பூரிப்பாக இருந்தது. நிழல் வந்துவிட்டது, தரை வந்துவிட்டது, சுவரும் கூரையும் கொஞ்சம் பின்தங்கி வருகின்றன, அவ்வளவுதான் என்று நாங்கள் நினைத்தோம்.

ஓவர்சியர் வந்தார். கூடவே கான்ட்ராக்டர் தவசி வந்தார். ஓவர்சியர் வரப்பு மேல் நின்று பார்த்தார். "அடித்தளம் முடிஞ்சுது. தளம் பிரமாதம். தூண் இருக்கு. சன்னல் இருக்கு" என்று சொல்லிச் சொல்லிப் போட்டோ எடுத்தார்.

"சார், கட்டடம் இன்னும் வரலியே" என்றேன் நான்.

"நிழல் இருக்குல்லம்மா?"

"இருக்கு சார்."

"கட்டடம் இல்லாம நிழல் எப்படிம்மா விழும்?"

சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன், அவர்களும் அதுதானே என்று தலையை ஆட்டினார்கள். "பொதுமக்கள் சார்பா ஒருத்தர் கையெழுத்துப் போடுங்க" என்றார் ஓவர்சியர். நான் ஜெபக்கனியைப் பார்த்தேன். அவள் கட்டடம் எங்கே என்று கேட்பாள், அவளுக்குத்தான் பேசத் தெரியும், அவள் என் சார்பாகவும் சேர்த்துக் கேட்பாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் தவசியின் பேனாவை வாங்கி, என்னைப் பார்க்காமல், கையெழுத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கூரைக்கு என்றவர்கள் கூரைக்குக் கொடுத்தார்கள், சுவருக்கு என்றவர்கள் சுவருக்கு, தளத்துக்கு என்றவர்கள் தளத்துக்கு. எங்கள் காலுக்கு அடியில் இருந்த களிமண் தவிர வேறொன்றும் எங்களுக்கு வந்து சேரவில்லை. திறப்பு விழா வைத்தார்கள். வாசல் வெளிச்சத்துக்குக் குறுக்கே இரண்டு பேர் நின்று ரிப்பனைப் பிடித்துக்கொள்ள, பெரியவர் ஒருவர் அதை வெட்டினார். பிறகு ஒரு தட்டில் சாவி வந்தது. பித்தளைச் சாவி, புதுசு, பூட்டே இல்லாத ஊரில் அப்படி ஒரு சாவியை எங்கே செய்தார்களோ. நான் அன்றைக்கு நல்ல சேலை கட்டியிருந்தேன், முன்னால் போய் நின்றுகொண்டிருந்தேன். "கூடக் காப்பாளர் திருமதி ஜெபக்கனி" என்று மைக்கில் கூப்பிட்டார்கள்.

ஜனம் கை தட்டியது. நானும் தட்டினேன். கை தானாகத் தட்டியது.

மறுநாள் அவள் விளக்குமாறோடு வந்து நிழலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். சாவி இடுப்பில் ஆடிக்கொண்டிருந்தது.

"எனக்குன்னு சொன்னியே ஜெபா" என்றேன்.

"ஒனக்குக் கண்ணு சரியில்லட்டி. ஒம்பேர எழுதிக் குடுத்தா தள்ளிருவாவ. யாராவது ஒருத்தி வாங்கணும்லா?"

"கையெழுத்தும் யாராவது ஒருத்தி போடணுமோ?"

விளக்குமாற்றை நிறுத்தினாள். "போடலன்னா இந்த நிழலும் போயிருக்கும். எம்மவனுக்குத் தவசி வேல போட்டுக் குடுத்திருக்காரு, அதுவும் போயிருக்கும். நீ என்னத்தப் பெருசா இழந்துட்ட? எடம் இங்கதான கெடக்கு, யாரு தூக்கிட்டுப் போனா? வந்து உக்காரு, யாரு வேண்டாம்னா?"

நான் உட்காரவில்லை. அவள் தோளைப் பார்த்தேன். நான் பிடித்துப் பிடித்து அந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் ஒரு எண்ணம். பள்ளமெல்லாம் ஒன்றும் இல்லை.

ஊரும் என்னிடம் அதையேதான் சொன்னது. நிழல் இருக்கிறது, போதாதா, கிளறாதே என்றார்கள். பிறகு நிழலில் விசேஷம் வைக்க வாடகை கேட்டார்கள். கட்டினார்கள். டவுன்காரர்கள் வந்து கல்யாணம் வைத்தபோது ஊர்க்காரர்களை வரப்புக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். நின்றார்கள். அதையும் ஊர் பழகிக்கொண்டது.

அடுத்ததாக அளக்க வந்தார்கள். கூடத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்ப நிதி வந்திருக்கிறதாம். காலையில் வந்திருந்தால் மேற்கே பாத்தியை அளந்திருப்பார்கள், மத்தியானம் வந்திருந்தால் வரப்போடு நின்றிருப்பார்கள், அவர்கள் டீ குடித்துவிட்டுச் சாயங்காலம் வந்தார்கள். நிழல் கிழக்கே நீண்டு என் வீட்டு மேல் ஏறிக் கிடந்தது. நாடாவைப் பிடித்தவர் நிழலின் ஓரத்தோடு நடந்து நடந்து என் அடுப்படிக்குள் வந்து நின்று, "கூடத்துக்குள்ள வீடு கட்டிருக்கீங்க. ஆக்கிரமிப்பு. காலி பண்ணணும்" என்றார்.

"வீடு மொதல்லயே இருக்கு சார். நெழலுதான் வந்துட்டுப் போவுது" என்றேன்.

"இப்போ எது மேல எது இருக்கு?" என்று கேட்டார்.

வீட்டு மேல் நிழல் இருந்தது. வெளியே ஜெபக்கனி நின்றுகொண்டிருந்தாள். காப்பாளர் என்ற முறையில் அவளிடம், "இந்த வீடு கூடத்துக்குள்ளதான வருது?" என்று கேட்டார்கள். அவள் வீட்டைப் பார்த்தாள், உள்ளே கட்டிலில் கிடந்த சுயம்புவைப் பார்த்தாள், சாவியைப் பிடித்துக்கொண்டு, "சாயங்காலத்துல வருது சார்" என்றாள். பொய் இல்லை. அதுதான் என்னை அறுத்தது.

அவர்கள் போன பிறகு சுயம்பு கட்டிலில் கிடந்தபடியே கூரை ஓட்டைப் பார்த்தார். "மொதப் பந்தி எனக்குன்னு சொன்னாளே" என்றார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

நான் ஆபீசுக்குப் போனேன், தப்பாகச் சொன்னேன், திரும்பி வந்தேன். அதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். பஸ்ஸில் வரும்போது சன்னல் வழியே பாத்திகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மிதித்த தரை, சுற்றி வரப்பு, உள்ளே தண்ணீர். மிதித்த தரை, சுற்றி வரப்பு, உள்ளே தண்ணீர். அளத்துக்கு அளம் அதேதான். எங்கள் கூடத்திலும் மிதித்த தரை இருந்தது, சுற்றி வரப்பு இருந்தது. ஓவர்சியர் அதைக் கட்டடம் என்றார், ஏனென்றால் அவர் அதை மேலே இருந்து பார்த்தார். நான் அதைக் காலால் அறிந்தவள். அதில் ஒன்றுதான் குறைவு.

மேகம் போடுகிற நாளுக்காகக் காத்திருந்தேன். இதை எல்லாரும் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும், நாளைக்கு யாராவது விசாரிக்க வந்தால் நான் இதைத்தான் சொல்வேன்: அன்றைக்கு மூடாப்பாக இருந்தது, அங்கே கூடம் இல்லை, நான் எந்தக் கட்டடத்தையும் தொடவில்லை. சுயம்புவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, மம்பட்டியை எடுத்துக்கொண்டு போய், பக்கத்து அளத்துக்குப் போகிற உப்புத்தண்ணி வாய்க்காலின் கரையை வெட்டினேன். வரப்பில் மடை திறந்தேன். பட்டப்பகலில்தான் செய்தேன். பார்த்தவர்கள், பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறாள் என்று நினைத்துக்கொண்டு போனார்கள். தினமும் பார்க்கிற வேலைதானே. தண்ணீர் அந்தத் தரையில் ஒரு சொட்டுக்கூடக் கீழே இறங்கவில்லை. அவ்வளவு நன்றாக மிதித்திருந்தோம்.

மறுநாள் வெயில் வந்தது. நிழல் எப்போதும் போல வந்து விழுந்தது, தண்ணீரில் விழுந்தது, விழுந்து அடிக்குப் போய்விட்டது. தொட்டியில் ஊறப்போட்ட ஜமுக்காளம் மாதிரி பாத்திக்கு அடியில் தூணும் வாசலுமாக நனைந்து கிடந்தது. சாயங்காலம் கிழக்கே நீளப் பார்த்தது. வரப்பு வரைக்கும் வந்தது. நனைந்த துணிக்கு உள்ள கனம் அதற்கும் வந்திருக்க வேண்டும், ஏற முடியவில்லை. என் வீட்டு ஓட்டில் வெயில் அடித்துக்கொண்டே இருந்தது. அந்த வெயிலைப் பார்த்து நான் அழுதேன்.

நாடாவோடு மறுபடி வந்தவர்கள் வரப்பில் நின்றார்கள். உப்பு பிடிக்க விட்டிருக்கிற பாத்தியில் எங்கள் பக்கத்தில் யாரும் கால் வைக்க மாட்டார்கள், முதலாளியே வந்தாலும் சுற்றித்தான் போவார். அவர்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்கள், வீட்டைப் பார்த்தார்கள், வெயிலில் தனியாக நிற்கிற வீட்டில் அளப்பதற்கு ஒன்றும் இல்லாமல் நாடாவைச் சுருட்டினார்கள். கூடம் எங்கே என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் மேலே வரைக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவர்கள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது.

ஊர் என்னைத் திட்டியது, இன்னும் திட்டுகிறது. இருந்த ஒரே நிழலை ஊறப்போட்டுவிட்டாள் என்கிறார்கள். உண்மைதான். நான் மறுபடியும் அளத்துக்குத்தான் போகிறேன், கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு, துணியின் நெசவு வழியாகத் தெரிகிற வரைக்கும் பார்த்து வேலை செய்கிறேன்.

ஜெபக்கனி ஒருநாள் மத்தியானம் வந்தாள். விளக்குமாறு கையில் இருந்தது. வரப்பில் நின்றுகொண்டு தண்ணீரைப் பார்த்தாள்.

"ஏட்டி வடிவு, நாளைக்குப் பெரியாபீசுல இருந்து வாராவளாம். கூடம் எங்கட்டி?"

"உள்ளதான் கெடக்கு. சாவி ஒங்கிட்டதான இருக்கு, தொறந்து எடுத்துக்கோ" என்றேன்.

அவள் ஒரு காலைத் தூக்கி உள்ளே வைக்கப் போய், உப்பு பிடித்திருந்ததைப் பார்த்துவிட்டுக் காலை எடுத்துக்கொண்டாள். நிழலுக்குள் உப்பு விளையவில்லை. சன்னல் வெளிச்சம் விழுந்த இடத்தில் மட்டும் சதுரம் சதுரமாக, வாசல் வெளிச்சம் விழுந்த இடத்தில் நீளமாக, வெள்ளையாகக் கட்டியிருந்தது. எவ்வளவுதான் மாறிப்போனாலும் அவளும் பாத்தி மிதித்தவள். வழுக்கினால் பிடிக்கத் தோள் வேண்டும் என்று அவளுக்கும் ஞாபகம் வந்திருக்கும். என் பக்கமாகக் கையை நீட்டினாள்.

நான் அந்தக் கையைப் பிடிக்காமல், கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு, உப்பு வாருகிற பலகையை எடுத்து, வரப்பில் நின்றபடியே வாசலில் கட்டியிருந்த உப்பை வாரி எடுத்தேன். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.